கதவு இலக்கம் பதினெட்டு

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். உட்கார்ந்திருப்பது. தட்டு மாற்றுவது பெரியவர்கள் வேலை. பத்திரிகை வாசிப்பது பெரியவர்கள் வேலை. பஜ்ஜி ஆறிப்போச்சு என்று குறை சொல்வதற்குக்கூடத் தனியாக ஒரு சித்தப்பா இருப்பார். மாப்பிள்ளையானவன் பட்டு வேட்டி அவிழாமல் பார்த்துக்கொண்டு, யாராவது கேமராவைத் தூக்கினால் பல்லைக் காட்டிக்கொண்டு, சும்மா இருந்தால் போதும். எத்தனையோ பேர் இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்து முடித்துவிட்டு நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறார்கள். என்னால் முடியவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். அதுவும் இலக்கம் என்ற ஒரு சொல்லுக்காக.

அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். கயல்விழி அதே பள்ளியில் வேதியியல். ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு பீரோ இருந்தது. அந்தப் பீரோவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பேசிப் பேசியே காதல் வளர்ந்தது. (விவரம் கேட்காதீர்கள். இதைப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.) எனக்குக் கடலூர் ஓல்டு டவுன், அவளுக்குச் சிதம்பரம். காதலைப் 'பெரியவங்க பார்த்துப் பேசி முடிச்ச' கல்யாணமாக மாற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு மாமாக்களின் தயவு தேவைப்பட்டது.

முதல் மாமா, கயலின் அப்பா. இவரைச் சிதம்பரம் மாமா என்று வைத்துக்கொள்வோம். தபால் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே தமிழில் இறங்கிவிட்டார். சுப்ரமணி என்ற பெயரைப் பூங்குன்றன் என்று மாற்றிக்கொண்டார். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் அவரை அதற்குப் பிறகும் சுப்ரமணி சார் என்றே கூப்பிட்டார்கள், அவரும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். வீட்டு வாசலில் இருந்த 18 என்ற எண்ணை அழித்துவிட்டு, தமிழில் ௧௮ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் தபால் துறையில் இருந்தவர் வீட்டுக்கே அதன் பிறகு தபால் ஒழுங்காக வரவில்லை. கூரியர் பையன்கள் பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிந்துவிட்டுப் போவார்கள்.

முதல் முறை நான் அந்த வீட்டுக்குப் போனபோது, உள்ளே கூட விடாமல் வாசலிலேயே கேட்டார்.

"தம்பி கணக்கு வாத்தியார்னு சொன்னாங்க. இது இன்னான்னு படிங்க பாப்போம்."

நான் பார்த்தேன். "கஅ" என்றேன்.

அவர் முகத்தில் வந்த துக்கத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெண் இல்லை, மோர்தான். அந்த வாரமே நான் தமிழ் எண்கள் பத்தையும் நெட்டுருப் போட்டேன். அடுத்த தடவை போனபோது என் செல்போன் நம்பரைத் தமிழ் எண்களில் எழுதி நீட்டினேன். அவர் அதை வாங்கி, உள்ளே இருந்த கயலின் அம்மாவிடம் காட்டி, "பையன் தேறிட்டான்" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை பாராட்டு வாங்கிய வாத்தியாரை நிறுத்துவது கஷ்டம். எண் என்றால் என்ன, இலக்கம் என்றால் என்ன, சொல் எங்கிருந்து வந்தது, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று கண்டதையும் படித்தேன். எல்லாவற்றையும் பாதிப் பாதி படித்தேன்.

இரண்டாவது மாமா என் தாய்மாமன். ஸ்ரீமுஷ்ணத்தில் விதைக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் பெயர் சீமுஷ்ணம் மாமா. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கிறவர் அவர்தான். எனக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவர். பி.எட். சேரமாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தவர். பூவராக சுவாமி கோயிலில் தினமும் காலையில் நிற்பார். நாலைந்து சுலோகம் தெரியும். அந்த நாலைந்தின் பலத்தில், உலகத்தில் நல்லதாக ஏதாவது ஒரு சொல் காதில் விழுந்தால் அது சமஸ்கிருதம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இட்லிகூட ஒரு காலத்தில் அங்கேயிருந்துதான் வந்தது என்று சொல்லி அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு நிச்சயம் என்றாலும் பத்திரிகை வாசிப்பது சீமுஷ்ணம் மாமாதான். நல்ல கணீரென்ற குரல். மைக் வேண்டாம், தெருமுனை வரை கேட்கும். யாரோ தூரத்துச் சொந்தத்தின் நிச்சயத்துக்கே அப்படி வாசிப்பவர், தான் தூக்கி வளர்த்த என் நிச்சயத்தில் வாசிக்க எவ்வளவு ஆசையாக இருந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் முன்பே கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

வைகாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். சாயந்திரம் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். சிதம்பரம் மாமாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை, எங்கள் அம்மாவுக்காக ஒத்துக்கொண்டார். இந்த நாளை விட்டால் ஆனி கடைசியில்தான் தோதான நாள், அதுவும் தப்பினால் ஆடி. ஆடி போய் ஆவணி வருவதற்குள் சிதம்பரம் மாமாவின் மனசு மாறலாம், அவருடைய அண்ணன் கையில் ஏற்கெனவே வேறொரு வரன் இருந்தது. அதனால் எனக்கு அன்றைக்குள் தட்டு மாறியே ஆக வேண்டும். என் வாழ்க்கையே அந்தத் தட்டில் இருந்தது.

சிதம்பரத்தில் பெண் வீட்டிலேயே விசேஷம். கூடத்தில் ஜமுக்காளம், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் நாற்காலி, தெருவில் சாமியானா. பத்திரிகையைச் சிதம்பரம் மாமாவே சொந்தக் கையால் எழுதியிருந்தார், தூய தமிழில். அதை வெற்றிலைத் தட்டில் வைத்து மரியாதையாக நீட்டினார். சீமுஷ்ணம் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். கூடம் அமைதியாகிவிட்டது. என் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் அந்தக் குரலில் வந்தபோது எனக்கே நான் பெரிய ஆள்தான் என்று தோன்றியது. அப்புறம் பெண் வீட்டு விவரம் வந்தது. விலாசத்தில் "கதவு இலக்கம்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சம்மந்தி, சுத்தத் தமிழ்ல எழுதியிருக்கேன்னு சொன்னீங்க. இலக்கம்னு போட்டிருக்கீங்களே, இது வடமொழியாச்சே! லக்ஷம்ங்கறதுதான் நம்மாளுங்க வாயில இலக்கம்னு ஆச்சு."

கிண்டல்தான். சம்பந்திக்குள் இருக்க வேண்டிய அளவான கிண்டல். சிதம்பரம் மாமாவும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார், மீசை மட்டும் லேசாகத் துடித்தது.

"இல்லீங்க சம்மந்தி. இலங்குறதுன்னா பளிச்சினு தெரியிறது. அதுலேருந்து இலக்கு, இலக்கம். எல்லாமே நம்ம வேருதான். கண்ணுக்குத் தெரியிற மாதிரி குறிச்சு வைக்கிறதால இலக்கம்."

"லக்ஷம்லேருந்து வந்துச்சுன்னு படிச்சவங்களே சொல்றாங்களே."

"அவுங்க சொல்லுவாங்க சம்மந்தி, அவுங்க சொல்லாம யாரு சொல்லப் போறா."

நாலு பேர் சிரித்தார்கள். உள்ளேயிருந்து யாரோ "நேரமாவுது, மேல படிங்க" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது. சீமுஷ்ணம் மாமா பத்திரிகையை மறுபடி கண்ணுக்கு நேராகத் தூக்கிவிட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

(அந்த 'ஒரு நிமிஷம்' காதில் விழுந்ததுமே இது ஒரு நிமிஷத்தில் முடியாதெனத் தெரிந்துவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.)

மாப்பிள்ளை எழுந்து நின்றதும் கழிப்பறை எங்கே என்று கேட்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஒரு சித்தப்பா கொல்லைப்பக்கம் கையைக்கூடக் காட்டினார். நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். வீடியோ எடுத்தவர் இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதில் என் வலது கையைப் பார்க்க வேண்டும். சாக்பீஸ் பிடித்த மாதிரியே காற்றில் ஆடுகிறது.

"எண் வேற, இலக்கம் வேற. பதினெட்டு மாம்பழம் இருக்குன்னு மனசுல எண்ணுறோம் பாருங்க, அது எண். அதை எழுதிக் காட்டுறதுக்கு ஒரு குறி போடுறோமே, அதுதான் இலக்கம். பஸ்ல போட்டிருக்கிற பதினெட்டும், மாமா வாசல்ல எழுதியிருக்கிற பதினெட்டும் எண்ணு ஒண்ணுதான். இலக்கம்தான் வேற."

கூடத்தில் ஒரு குழந்தை அழுதது. நான் அந்த அழுகையையும் ஆர்வம் என்றே எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். வடமொழியில் லக்ஷம் என்றாலும் அடையாளம், குறி என்று ஒரு பொருள் இருக்கிறது, நூறாயிரம் என்பது இன்னொரு பொருள். தமிழில் இலக்கு என்றாலும் குறிதான். ஆகவே எங்கிருந்து வந்திருந்தாலும் பொருள் ஒன்றே. இதைச் சொல்லி முடித்துவிட்டு, கைதட்டல் வருமா என்று ஒரு கணம் பார்த்தேன்.

"அப்ப வடமொழிதானேடா மாப்ள?" என்றார் சீமுஷ்ணம் மாமா. குரலில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. தன் பக்கத்துப் பையன் தன்னைக் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. ஆமாம் மாமா என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சிதம்பரம் மாமா அதைச் சிரித்து விட்டிருப்பார். ஆனால் எனக்கு அன்று ஞானம் பொங்கிக்கொண்டிருந்தது.

"அப்படி டக்குனு சொல்ல முடியாது மாமா. இதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க பேசற விஷயம். உங்களுக்குத் தெரியலன்னா விட்டுடுங்க, அடுத்த வரியப் படிங்க."

குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

மாமா பத்திரிகையை மடித்தார். தட்டில் வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சவுங்களே படிக்கட்டும்" என்றார்.

வெளியே போனார். வாசலில் இருந்த செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடினார், வெகுநேரம் தேடினார். இப்போது யோசித்தால், யாராவது வந்து கூப்பிடட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் தேடியிருக்கிறார். நான் அவர் காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தேன். (மூளையைப் பாருங்கள்!)

அத்தைதான், அதாவது மாமாவின் மனைவி, சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவரு ஆட்டோ ஏறிட்டாரு. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறாரு. எனக்குத் தெரியாதா அவர."

கூடத்தில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. தாய்மாமன் இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது? அப்பா இல்லாத பையனுக்கு மாமாதானே முன்னால் நிற்க வேண்டும்? சிதம்பரம் மாமாவின் அண்ணன், அந்த வேறு வரனைக் கையில் வைத்திருந்தவர், "சகுனமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சிதம்பரம் மாமா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க மாப்ள. மன்னிப்புக் கேட்டுக் கூட்டியாந்துருவோம்."

உள் அறைக் கதவருகில் கயல் நின்றுகொண்டிருந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. என்னைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னாள்.

"சீக்கிரம் வந்துடுங்க. வழியில வாயத் தொறக்காதீங்க."

பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ் இஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோர இருக்கையில் சீமுஷ்ணம் மாமா. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிதம்பரம் மாமா பஸ்ஸில் ஏறி அவர் கையைப் பிடித்தார்.

"சம்மந்தி, சின்னப் புள்ள ஏதோ தெரியாம சொல்லிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல சம்மந்தி. உக்காருங்க."

சிதம்பரம் மாமா மரியாதைக்காக உட்கார்ந்தார். கை பிடித்தாகிவிட்டது, அடுத்து எழுந்து இறங்க வேண்டியதுதான். மரியாதைக்காகவே இன்னொரு வார்த்தையும் சொன்னார்.

"நீங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"ஒரு நியாயமா? முழு நியாயமும் அதுதானே சம்மந்தி?"

"அது எப்படிங்க முழு நியாயம்னு ஒத்துக்க முடியும்? இலங்குங்கற வேரு..."

அவர்கள் இருவரையும் இறக்கிக் கூட்டிப் போகத்தான் நான் பஸ்ஸில் ஏறினேன். சத்தியமாக அதற்காகத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் பொறுத்தேன். சிதம்பரம் மாமாவின் செல்போன் அடித்தது. மாமியார். "முக்கியமான பேச்சுல இருக்கேன், அப்புறம் கூப்புடு" என்று வைத்துவிட்டார். என் செல்போன் சித்தி மகனிடம் போட்டோ எடுக்கக் கொடுத்தபடி கூடத்திலேயே கிடந்தது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் சீமுஷ்ணம் மாமா லக்ஷ்யம் என்ற சொல்லையும் இழுத்தார். அதில் ஒரு தவறு இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. பின் இருக்கை காலியாக இருந்ததா, உட்கார்ந்துகொண்டு, முன்னால் தலையை நீட்டி, "அப்படி இல்ல மாமா, லக்ஷ்யம் வேற..." என்று ஆரம்பித்தேன்.

பஸ் எப்போது கிளம்பியது என்று எங்கள் மூன்று பேரில் யாருக்கும் தெரியாது.

கண்டக்டர் வந்து நின்றார். "டிக்கெட்."

"இலக்குங்கறது அம்பு விடுற எடத்துக்குச் சொல்றது சம்மந்தி. அங்க ஒரு குறி போட்டு வப்பாங்க இல்ல?"

"டிக்கெட் சார்."

"அந்தக் குறிக்குப் பேருதான் லக்ஷம்னு நான் சொல்றேன்!"

"சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றார் கண்டக்டர். "நீங்க எங்க போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க."

சிதம்பரம் மாமா அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ஆற்று மணல். பாலத்தின் கைப்பிடிச் சுவர் வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, வெள்ளாறு!" என்று கத்தினார்.

புவனகிரியில் இறக்கிவிட்டார்கள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், குங்குமம் என்று நான் ஒரு டீக்கடை முன்னால் நின்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் க்ளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்தார்கள். கல்யாண வீட்டிலிருந்து ஓடிவந்த மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு பெரியவர்கள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, பொண்ணு புடிக்கலன்னா வாயால சொல்லிடணும்" என்று அறிவுரையே சொன்னார்.

கடைச் சுவரில் மணி நாலே கால். எதிர்ப் பக்கம் சிதம்பரம் போக ஷேர் ஆட்டோ நின்றது. சீமுஷ்ணம் மாமா அசையவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் அடுத்த பஸ்ஸ புடிச்சு ஊருக்குப் போறேன்."

"மாமா, நேரம் ஆவுது மாமா..."

"போடா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் அவர் ஒரு சொல்லுக்காகக் கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். அது கெடக்குது. உங்கப்பன் உக்கார வேண்டிய எடத்துல நான் உக்காந்திருந்தேன். அத்தினி பேரு முன்னாடி, பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னாடி, தெரியலன்னா விட்டுடுங்கன்னு சொல்ற. வேற எவனாவது சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். புதுக் கண்ணாடி. வெட்கமாக இருந்தது, சந்தனமும் பட்டுமாக நின்றதற்காக இல்லை. அங்கேயே, டீக்கடை வாசல் மண்ணிலேயே, அவர் காலில் விழுந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று சிதம்பரம் மாமா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். மாமா குனிந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி எந்திரி. சட்டையெல்லாம் மண்ணு. உங்கம்மா என்னைத்தான் திட்டுவா."

இதைப் பார்த்துச் சிதம்பரம் மாமாவுக்கும் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சிவசப்பட்டு, தன் வாழ்க்கையிலேயே பெரிய தியாகத்தைச் செய்தார்.

"சம்மந்தி, உங்க மனசு நோவ வேணாம். இலக்கம் வடமொழியாவே இருந்துட்டுப் போவட்டும்."

சீமுஷ்ணம் மாமா மட்டும் லேசுப்பட்டவரா? "சேச்சே, அது எப்படி? தமிழாவே இருக்கட்டும் சம்மந்தி."

"இல்லல்ல, வடமொழின்னே வச்சுக்குவோம்."

"எனக்காகச் சொல்றீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். தமிழ்தான்."

"நீங்க பெரியவுங்க, நீங்க சொன்னா சரிதான். வடமொழி."

"தமிழ்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறீங்களே!"

குரல் மறுபடி உயர ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆட்டோ கிளம்ப ஆள் நிறைய வேண்டும் என்று டிரைவர் காத்திருந்தார், ஒரு அம்மா காய்கறி மூட்டையோடு ஏறினார், வழியில் அவர் இறங்கினார், மூட்டை இறங்க நேரமானது. பாலத்தைத் தாண்டும்போதே நாலரை ஆகிவிட்டது. எனக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. பாதி ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். கயலின் பெரியப்பா எல்லாருக்கும் அந்த வேறு வரனின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருப்பார். கயல் பூவைப் பிய்த்துப் போட்டிருப்பாள். ஆனிக்குள் என்ன ஆகும், ஆடியில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக்கூட பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு அதே ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம்.

தெருவில் சாமியானா அப்படியே இருந்தது. உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெரியப்பா மும்முரமாகக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கையில் ஜக்கோடு வந்தார். "வந்துட்டீங்களா? கையக் கழுவிட்டு உக்காருங்க, பஜ்ஜி சூடா இருக்கு."

"அம்மா, தட்டு?"

"அதெல்லாம் நாலு இருவதுக்கே மாத்தியாச்சு."

"யாரு மாத்தினா?" என்றார்கள் இரண்டு மாமாக்களும் ஒரே குரலில். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "தாய்மாமன் இல்லன்னா இன்னா, தாய்மாமன் பொண்டாட்டி நான் இருக்கேன்ல? இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் கயலோட அம்மா. மாத்திக்கிட்டோம். போன் போட்டா கட் பண்றீங்க, நாங்க இன்னா பண்றது? ராகு காலம் உங்களுக்காக நிக்குமா?"

"பத்திரிகைய யாரு படிச்சா?" என்றார் சீமுஷ்ணம் மாமா, கொஞ்சம் பலவீனமாக.

"கயல்தான் படிச்சா. வேற யாருக்கு அந்த எழுத்து புரியுது?"

சிதம்பரம் மாமா நிமிர்ந்தார். மகள் தன் தமிழைச் சபையில் வாசித்திருக்கிறாள். "எல்லாம் அப்படியே படிச்சியாம்மா?"

"படிச்சேம்ப்பா" என்றாள் கயல். "விலாசத்துல மட்டும் கதவு நம்பர் பதினெட்டுன்னு படிச்சேன். எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு."

நம்பர்! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். என் வாயும் திறந்துவிட்டது, மறைப்பானேன். கயல் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள். வேதியியல் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை. மூன்று பேரும் போய்க் கை கழுவினோம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மந்திரத்தைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஐயர் சொன்னபோதுகூட, பேசலாமா என்று கயலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். சீமுஷ்ணம் மாமாவும் சிதம்பரம் மாமாவும் அன்றிலிருந்து நெருங்கிய சிநேகிதர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் அடித்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறுக்குள் இரண்டு பேரும் படித்துவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் எந்த இரண்டு ஆண்கள் வாக்குவாதத்தில் குரலை உயர்த்தினாலும், அது கிரிக்கெட்டாக இருந்தாலும் சரி, சமையலறையிலிருந்து யாராவது ஒருவர் "புவனகிரிக்கு ரெண்டு டிக்கெட்" என்று கத்துவார்கள். நான் அந்தப் பக்கம் போனால் மூன்று.

போன வாரம் எங்கள் மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. மூன்று இலக்க எண்கள் பத்து எழுத வேண்டும். இலக்கம்னா என்னப்பா என்று கேட்டாள். நான் சோபாவிலிருந்து எழுந்தேன், வலது கை தானாக மேலே போனது. கயல் அவளைத் திசைதிருப்ப, அலமாரியிலிருந்து நிச்சயதார்த்த ஆல்பத்தை எடுத்து மடியில் போட்டாள். மகள் புரட்டிக்கொண்டே வந்தவள் தட்டு மாற்றுகிற படத்தில் நின்றாள். அத்தை சிரிக்கிறார், மாமியார் சிரிக்கிறார், கயல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை நாற்காலி. நல்ல காரியத்தில் வெறும் நாற்காலி இருக்கக்கூடாது என்று அத்தை அதில் மஞ்சள் தடவிய தேங்காய் ஒன்றை, பொட்டு வைத்து, நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

மகள் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு இந்தத் தேங்காயோடயா நிச்சயம் பண்ணாங்க?"

"ஆமாடி" என்றாள் கயல். "அது ஒண்ணுதான் அன்னைக்கு வாயத் தொறக்காம உக்காந்திருந்துச்சு."